குந்தினால் எழும்பாத வாயு

வாசகி ஒருவர் எழுதியது:

"டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். வீடு கோப்பாய்ப் பக்கம். போன மாதம் தோட்டக் கிணற்றைக் கலக்கி இறைப்பதற்காக அப்பாவும் சித்தப்பாவும் பெற்றோல் மிசினைக் கயிறு கட்டி இறக்கி, கிணற்றின் உள்படியில் வைத்து ஓடவிட்டார்கள். தண்ணீர் வற்றியதும் மிசினை நிறுத்திவிட்டு, சேறு அள்ள அப்பா இறங்கினார். ஐந்து நிமிடம் இருக்கும், தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே சாய்ந்துவிட்டார். நல்லகாலம், இடுப்பில் கயிறு இருந்தது. மேலே நின்றவர்கள் இழுத்து எடுத்தார்கள். 1990 அம்புலன்சில் கொண்டுபோனோம். விரலில் கொளுவிய கருவி 98 காட்டியது. ஆனாலும் மாஸ்க் போட்டு விடியும்வரை ஒட்சிசன் கொடுத்தார்கள். மாஸ்க் போட்டு மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு, பெரியாஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தில் காபனோரொட்சைட்டு 12 வீதம் என்று துண்டில் இருக்கிறது. பன்னிரண்டுதானே, பெரிய விசயம் இல்லை என்கிறார் சித்தப்பா. அப்பா இப்போது நடமாடுகிறார். சுருட்டும் பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

எங்கள் ரியூசன் குறிப்பில் 'காபனோரொட்சைட்டு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வேகமாக ஈமோகுளோபினுடன் சேரும்' என்று இருக்கிறது. அவ்வளவு வேகமாகச் சேர்வது ஏன் அதே வேகத்தில் கழன்று போகவில்லை? 98 காட்டினால் எதற்கு ஒட்சிசன்? இறங்குமுன் அரிக்கன் லாம்பை இறக்கிப் பார்த்தார்கள், அது அணையவில்லை. அப்படியென்றால் காற்று நன்றாகத்தானே இருந்தது? தமிழிலேயே எழுதுங்கள் ஐயா, அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்."

அன்பான மகளுக்கு,

'இடுப்பில் கயிறு இருந்தது' என்ற வரிக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கயிறு காப்பாற்றியது அப்பாவை மட்டும் இல்லை. கயிறு இல்லாவிட்டால் சித்தப்பா கட்டாயம் உள்ளே குதித்திருப்பார். கூடப்பிறந்தவர் சாய்ந்து கிடக்க, பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனம் வரும்? கிணற்றில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் குறிப்பைத் திருத்துவோம். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தக் குறிப்பில் உள்ள ஒரு சொல்லில் இருக்கிறது.

தமிழில் எழுதச் சொன்னது எனக்குச் சந்தோசம். மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. அப்பாவுக்கு விளங்காத ஒரு வரி இதில் இருந்தால் அது என் பிழை, திரும்ப எழுதிக் கேளுங்கள்.

சரி, குறிப்பை எடுங்கள். 'வேகமாக' என்ற சொல்லை வெட்டிவிட்டு 'இறுக்கமாக' என்று எழுதுங்கள். 200 என்ற கணக்கில் பிழை இல்லை. மனித இரத்தத்தில் அது 200க்கும் 250க்கும் இடையில் வரும். ஆனால் அது நாட்டத்தின், அதாவது எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதன் கணக்கு. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினில் வந்து ஒட்டும் வேகத்தைத் தனியாக அளந்து பார்த்தால், மிசின் புகையில் வரும் காபனோரொட்சைட்டு ஒட்சிசனிடம் தோற்றுப்போகும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வேகம்தான் அதற்கு. அப்படியென்றால் 200 மடங்கு எங்கிருந்து வந்தது? கழன்று போகும் வேகத்தைப் பாருங்கள். ஒட்சிசன் ஒரு செக்கனுக்குள் பல தடவை கழன்று பல தடவை சேரக்கூடியது. காபனோரொட்சைட்டு ஓரிடத்தில் குந்தினால் எழும்புவதற்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் எடுக்கும். கழலும் வேகத்தில் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 2000 மடங்கு வித்தியாசம்.

நாட்டம் என்பது ஒட்டும் வேகத்தைக் கழலும் வேகத்தால் பிரித்தால் கிடைப்பது. ஒட்டுவதில் பத்து மடங்கு பின்னால், கழல்வதில் இரண்டாயிரம் மடங்கு பின்னால். இரண்டாயிரத்தைப் பத்தால் பிரித்துப் பாருங்கள், உங்கள் குறிப்பில் உள்ள 200 வந்து நிற்கும். அப்பாவின் உடம்பில் நடந்தது எல்லாம் இந்தக் கணக்குத்தான்.

இவ்வளவு வேகமான காரியத்தை எப்படி அளந்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். இதை அப்பாவுக்கு நீங்கள் வாசித்த உடனே விளங்கும். கிணற்றடித் தொட்டியில் பசளையைக் கரைத்து வாய்க்காலில் விட்டால், அது முதல் பாத்திக்கு எப்போது போகும், கடைசிப் பாத்திக்கு எப்போது போகும் என்று அவர் மணிக்கூடு பாராமலே சொல்வார். ஓடுகிற தண்ணீரில் தூரம்தான் நேரம். 1923இல் கேம்பிரிட்ஜில் ஹார்ட்ரிட்ஜ், ரோட்டன் என்ற இருவரும் இதையே செய்தார்கள். ஒரு குழாயில் ஒட்சிசன் நீக்கிய ஈமோகுளோபின் கரைசல், மற்றக் குழாயில் ஒட்சிசன் கரைந்த நீர். இரண்டையும் அழுத்தி ஒரு சின்ன அறைக்குள் மோதவிட்டு, கலந்ததை ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக ஓடவிட்டார்கள். அந்தக் குழாயில் இடத்துக்கு இடம் நிறமாலை காட்டியை வைத்து நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். கரைசல் செக்கனுக்கு 5 மீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். கலந்த இடத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளிப் பார்த்தால், கலந்து நூறில் ஒரு செக்கன் ஆன கரைசலைப் பார்க்கிறீர்கள். எவ்வளவு நேரமும் நின்று பார்க்கலாம், அந்த இடத்தில் அது எப்போதும் நூறில் ஒரு செக்கன்தான். கைக்கடிகாரத்தால் அளக்க முடியாத ஒன்றை அடிமட்டத்தால் அளந்தார்கள். இந்த அழகை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

அவர்கள் கண்டது என்ன? ஈமோகுளோபின் கரைசலில் ஒட்சிசன் ஒட்டுவது ஆயிரத்தில் சில செக்கனுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் நம் உடம்பில் ஈமோகுளோபின் கரைசலாக ஓடுவதில்லை, செங்குழியத்துக்குள் அடைபட்டு இருக்கிறது. ஒரு செங்குழியத்துக்குள் ஏறத்தாழ 27 கோடி மூலக்கூறுகள். ஒட்சிசன் குழியத்தைச் சுற்றியுள்ள நீர்ப்படையைத் தாண்டி, மென்சவ்வைத் தாண்டி, அந்த நெரிசலுக்குள் ஊர்ந்து போகவேண்டும். அதனால் பல மடங்கு தாமதம். அந்தத் தாமதத்தோடும் காரியம் நடந்துவிடுகிறது. ஓய்வாக இருக்கும்போது ஒரு செங்குழியம் நுரையீரலின் மயிர்த்துளைக் குழாயைக் கடக்க முக்கால் செக்கன் எடுக்கும். அதில் முதல் கால் செக்கனிலேயே ஒட்சிசன் நிரம்பிவிடும். மிச்சம் அரைச் செக்கன் கையிருப்பு. ஓடும்போதும் மண்வெட்டி பிடிக்கும்போதும் இரத்தம் விரைவாக ஓடும். அப்போதுதான் அந்தக் கையிருப்புச் செலவாகிறது.

மாணவர்களுக்கு இதைக் காட்ட நான் இறைச்சிக்கடையில் ஆட்டு இரத்தம் வாங்குவேன். வறைக்கு வாங்குகிற அதே இரத்தம்தான். உறையாமல் இருக்கச் சித்திரேற்றுக் கலந்த போத்தலைக் கொடுத்து அதில் பிடித்துத் தரச் சொல்வேன். மூடி வைத்தால் சில மணித்தியாலத்தில் அது கறுத்து, நாவற்பழச் சாறு மாதிரி ஆகிவிடும். மூடியைத் திறந்து காற்றுப் படவிட்டு நாலு தரம் குலுக்குங்கள். குலுக்கிய கை நிற்குமுன் போத்தலின் ஓரமெல்லாம் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிடும். 1669இலேயே ரிச்சர்ட் லோவர் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதைக் கவனித்து, இரத்தம் நுரையீரலில் நிறம் மாறுவது காற்றினால்தான் என்று எழுதியிருக்கிறார். ஆட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் செங்குழியம் குறுக்களவில் ஏழரை மைக்ரோமீற்றர், ஆட்டினுடையது மூன்றுக்கும் நாலுக்கும் இடையில்தான். குழியம் சின்னதென்றால் உள்ளே போக வேண்டிய தூரமும் குறைவு. அதனால் ஆட்டுச் செங்குழியம் நம்முடையதைவிட விரைவாக ஒட்சிசனை எடுக்கும். ஈமோகுளோபின் எல்லா முலையூட்டிகளிலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது இருக்கும் பை.

நாம் மூச்சில் வெளியே விடும் காபனீரொட்சைட்டின் கதை வேறு. அது இரும்பில் ஒட்டுவதே இல்லை. கொஞ்சம் புரதத்தின் நுனிகளில் தொற்றிக்கொள்ளும், பெரும்பகுதி நீரோடு சேர்ந்து இருகாபனேற்றாகப் போகும். நீரோடு சேர்வதும் திரும்பப் பிரிவதும் தானாக நடக்கப் பல செக்கன் வேண்டும், இரத்தத்துக்கோ நுரையீரலில் ஒரு செக்கன்கூட இல்லை. கணக்கு ஒத்துவரவில்லையே என்று தேடித்தான் அதே ரோட்டன், மெல்ட்ரம் என்பவரோடு சேர்ந்து 1930களின் தொடக்கத்தில், இதை விரைவாக்கும் காபோனிக் அன்ஹைதரேசு நொதியத்தைக் கண்டுபிடித்தார். சோதனைக்கு இந்த நொதியத்தின் பெயரைப் பாடமாக்கும்போது, அது கிடைத்தது ஒரு நேரக் கணக்கில் விழுந்த துண்டினால் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கிணற்றுக்குள் போவோம்.

ஈமோகுளோபின் ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு, ஒட்சிசன் குந்த நான்கு இடம். காபனோரொட்சைட்டு குந்துவதும் அதே இடத்தில்தான். இரும்பைத் தாங்கும் ஈமைத் தனியாகப் பிரித்து எடுத்தால், அது காபனோரொட்சைட்டை ஒட்சிசனைவிட 20,000 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். புரதம் தன் மடிப்புக்குள் வைத்து ஒட்சிசனுக்குச் சாதகமாக இடம் பண்ணிக் கொடுப்பதால்தான் அது 200 மடங்காகக் குறைகிறது. இந்தக் காவல் ஏன் தேவை என்றால், நம் உடம்பே காபனோரொட்சைட்டை உண்டாக்குகிறது. வயதான செங்குழியம் உடையும்போது ஒவ்வொரு ஈமும் சிதைந்து ஒரு காபனோரொட்சைட்டு வெளிவரும். புகை பிடிக்காதவரின் இரத்தத்திலும் அதனால் ஒரு வீதம் அளவில் இருக்கும். சுருட்டுப் பிடிப்பவருக்கு அதைவிடப் பல மடங்கு. அப்பா கிணற்றில் இறங்கும்போதே கொஞ்ச இடங்களைச் சுருட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்.

சின்னப் பெற்றோல் மிசினின் புகையில் நூற்றுக்குச் சில பங்கு காபனோரொட்சைட்டு இருக்கும். அது காற்றின் பாரம்தான்: காற்று 29 என்றால் இது 28. அதனால் மேலே கிளம்பியும் போகாது, கீழே தங்கியும் நிற்காது, கலந்துவிடும். திறந்த வெளியில் காற்று அள்ளிக்கொண்டு போகும். கிணற்றுக்குள் காற்றோட்டம் ஏது? மிசினை நிறுத்தினாலும் அது விட்ட புகை அங்கேயே நிற்கும். மணம் இல்லை, நிறம் இல்லை. பெற்றோல் புகை மணத்தது என்று சொல்வார்கள், மணத்தது மற்றவை.

கிணற்றுக்குள் நூற்றுக்கு ஒரு பங்குதான் இருந்தது என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். சேறு அள்ளுகிற ஆள் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றையாவது இழுப்பார். அதில் 200 மில்லிலீற்றர் காபனோரொட்சைட்டு. கொஞ்சம் வெளியே திரும்பிவிடும் என்றாலும் 100 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தத்தில் ஏறும். அவருடைய 5 லீற்றர் இரத்தம் முழுக்கச் சேர்த்து 1000 மில்லிலீற்றர் வாயுவைத்தான் ஈமோகுளோபினில் பிடிக்கும். அதாவது நிமிடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு இடம் போகிறது. ஐந்து நிமிடத்தில் பாதி. நீங்கள் எழுதிய ஐந்து நிமிடம். இங்கே ஈமோகுளோபினின் வேகம் ஒரு தடையே இல்லை. எவ்வளவு மூச்சு இழுக்கிறோம் என்பதுதான் கணக்கு. வேலை செய்கிறவர் முதலில் விழுவதும், பதறிக்கொண்டு உதவிக்கு இறங்குகிறவர் அவரையும்விடக் கெதியாக விழுவதும் இதனால்தான்.

பாதி இடம் போனது என்பதை இரத்தம் பாதியாகக் குறைந்ததாக நினைக்கவேண்டாம், அதைவிட மோசம். நான்கு இடத்தில் ஒன்றிரண்டில் காபனோரொட்சைட்டு குந்தினால், மிச்ச இடத்தில் இருக்கும் ஒட்சிசனையும் அந்த மூலக்கூறு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூளைக்கும் இதயத்துக்கும் போன பிறகும் இறக்கிவிடாது.

லாம்பைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஒரு பந்தியைச் சித்தப்பாவுக்கும், அயலில் கிணறு இறைக்கும் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். லாம்பு அணைவது ஒட்சிசன் குறைந்தால்தான். இலைகுழை அழுகிக் காபனீரொட்சைட்டு நிறைந்த பாழ்கிணற்றில் அது அணையும். அதைக் கண்டுதான் பெரியவர்கள் அந்தப் பழக்கத்தை வைத்தார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு காபனோரொட்சைட்டு இருக்கும் காற்றில் லாம்பு எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் தாராளமாக இருக்கும். அது நின்று எரியும், மனிதன் விழுவான். நிலக்கரிச் சுரங்கங்களில் இதே பிழை நடந்தது. ஹால்டேன் என்ற உடற்றொழிலியலாளர் 1890களில் வெடிவிபத்தில் இறந்த தொழிலாளர்களை ஆராய்ந்து, பெரும்பாலானோரைக் கொன்றது காபனோரொட்சைட்டு என்று காட்டினார். விளக்கை நம்பவேண்டாம், எலியையோ சின்னக் குருவியையோ கூட்டில் வைத்துக் கொண்டுபோங்கள் என்றார். சின்ன உயிர் தன் உடம்பின் பாரத்துக்கு நம்மைவிடப் பல மடங்கு மூச்சு இழுக்கும். அதனால் நம்மை முந்திக்கொண்டு சாயும். இங்கேயும் பாருங்கள், கணக்கு மூச்சில்தான்.

விரலில் கொளுவிய கருவி பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. அது இரண்டு ஒளியை விரலுக்குள் விடும்: 660 நனோமீற்றர் சிவப்பு, 940 நனோமீற்றர் அகச்சிவப்பு. ஒட்சிசன் இல்லாத இரத்தம் சிவப்பொளியை நிறைய உறிஞ்சும், ஒட்சிசன் ஏறியது விட்டுவிடும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினும் அந்தச் சிவப்பொளியை விட்டுவிடும். கருவிக்கு இரண்டும் ஒன்று. பாதி இடத்தில் காபனோரொட்சைட்டு இருந்தாலும் 98 அளவில் காட்டக்கூடும். இரத்தத்தை எடுத்து, பல அலைநீளங்களில் அளக்கும் இயந்திரத்தில் வைத்தால்தான் உண்மை தெரியும். கிணற்றிலிருந்து எடுத்தவர், பூட்டிய அறைக்குள் ஜெனரேற்றரோடு இருந்தவர், கரியடுப்போடு கதவைச் சாத்திப் படுத்தவர், இவர்களுக்கு 98 கண்டு ஆறுதல் அடையக்கூடாது. ஒட்சிசனை நிறுத்தாமல் கொடுத்த வைத்தியர் சரியாகச் செய்தார்.

இனி, எழும்ப ஒன்றிரண்டு நிமிடம்தான் என்று சொன்னேனே, பிறகு ஏன் விடியும்வரை மாஸ்க்? நல்ல மாணவி கேட்கவேண்டிய கேள்வி இது. கழன்ற காபனோரொட்சைட்டு நேரே வெளியே போவதில்லை. பக்கத்தில் எந்த இடம் காலியாகிறதோ அதில் திரும்பக் குந்தும். எந்த நேரத்திலும் சும்மா திரிவது மிகச் சொற்பம், நுரையீரல் வெளியே தள்ளக்கூடியது அந்தச் சொற்பத்தை மட்டும்தான். அதனால் சாதாரண காற்றில் அது பாதியாகக் குறைய நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம் எடுக்கும். தூய ஒட்சிசன் கொடுத்தால் நுரையீரலின் சிற்றறையில் ஒட்சிசனின் அமுக்கம் 100 மில்லிமீற்றரிலிருந்து 600க்கு மேலே போகும். காலியாகிற ஒவ்வோர் இடத்துக்கும் இப்போது ஒட்சிசன் முண்டியடிக்கும், அதற்குத்தான் ஒட்டும் வேகம் அதிகமாயிற்றே. காபனோரொட்சைட்டுக்குத் திரும்பக் குந்த இடம் கிடைக்காது. பாதியாகும் நேரம் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்துக்கு இறங்கும். மாஸ்க் முகத்தில் இறுக்கமாக இருக்கவேண்டும், தண்ணீர் குடிக்க அடிக்கடி கழற்றக்கூடாது என்று தாதிமார் கண்டித்திருப்பார்கள். காரணம் இதுதான்.

இந்தக் கணக்கோடு சித்தப்பாவின் பன்னிரண்டைப் பாருங்கள். இரத்தம் எடுத்தது மாஸ்க் போட்டு மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு. அதற்குள் இரண்டு தடவை பாதியாகியிருக்கும். பின்னோக்கிப் போனால் 12, அதற்கு முதல் 24, அதற்கும் முதல் 48. அப்பாவைக் கிணற்றுக்கட்டில் கிடத்தியபோது அவருடைய ஈமோகுளோபினில் பாதியளவு பறிபோயிருந்தது. இது துல்லியமான அளவில்லை, மாஸ்க் எவ்வளவு பொருந்தியிருந்தது என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆனால் மேலே போட்ட ஐந்து நிமிடக் கணக்கோடும், அவர் நினைவிழந்ததோடும் பொருந்துகிறது. பன்னிரண்டு என்பது சின்ன நச்சேற்றம் என்று யாரும் எண்ணவேண்டாம். அது பெரிய நச்சேற்றம், சிகிச்சை வேலை செய்தது.

ஆகையால் அப்பாவைக் கவனித்துப் பாருங்கள். இந்த வாயு இரத்தத்தை விட்டுப் போன பிறகும், சிலருக்கு சில நாளிலோ சில வாரத்திலோ மூளையில் பாதிப்புத் தெரியவரும். சொன்னதையே திரும்பச் சொல்வது, வைத்த சாமானை மறப்பது, நடை தளர்வது, கை நடுங்குவது, காரணம் இல்லாமல் கோபம் அல்லது வாட்டம். வயதுபோகுது, அதுதான் என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள், நீங்கள் தள்ளிவிடாதீர்கள். கண்டால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நெஞ்சில் பிடிப்பு என்றாலும் அப்படித்தான், இதயத்தசையும் அந்த ஐந்து நிமிடத்தில் பட்டினி கிடந்தது. அப்பா, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால்: சுருட்டைக் கொஞ்ச காலத்துக்காவது விடுங்கள். உங்கள் மகள் மாஸ்கோடு விடிய விடிய விழித்திருந்து வெளியேற்றியது இதே வாயுவைத்தான்.

கிணறு இன்னும் அரைகுறையாகக் கிடக்கிறது என்று நினைக்கிறேன், ஆடி ஆவணியில் தண்ணீர் இறங்கிய நேரத்தில்தானே இறைக்க வசதி. மிசினை ஏன் உள்ளே இறக்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மேலே வைத்தால் இழுக்காது. மிசின் தண்ணீரை இழுப்பதில்லை, வளிமண்டல அமுக்கம்தான் தள்ளுகிறது. அது தள்ளக்கூடிய உயரம் கணக்கில் 10 மீற்றர், நடைமுறையில் ஏழு, அதாவது இருபது இருபத்தைந்து அடி. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் மிசினும் கீழே இறங்குகிறது. தேவை நியாயமானது, வழி ஆளைக் கொல்வது. மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டரை வாடகைக்கு எடுங்கள். அதைத் தண்ணீருக்குள் விடலாம், புகை இல்லை. ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பாக இருக்கவேண்டும், அது ஓடும்போது கிணற்றுக்குள் ஆள் நிற்கக்கூடாது. எரிபொருளில் ஓடும் எந்த எஞ்சினும், பெற்றோலோ மண்ணெண்ணெயோ டீசலோ, கிணற்றுக்கட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கும் கூடாது. வெளியே ஓடினாலும் புகைக்குழாய் கிணற்று வாயைப் பாராமல், காற்றுப் புகையைக் கிணற்றை விட்டு அப்பால் கொண்டுபோகும் பக்கத்தில் இருக்கட்டும். இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு, மேலே இழுக்கக்கூடிய இரண்டு பேர், இதை இப்போது உங்கள் வீட்டுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆள் சாய்ந்தால் இழுப்பதும் 1990க்கு அடிப்பதும்தான், பின்னால் இறங்குவது இல்லை.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கடதாசியில் நாலு நேரத்தை எழுதிக்கொண்டு போங்கள்: மிசின் ஓடத் தொடங்கியது, அப்பா இறங்கியது, மேலே எடுத்தது, மாஸ்க் போட்டது. துண்டில் இருக்கும் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் இந்த நாலும் இருந்தால், அங்கே இருக்கும் வைத்தியர் நீங்களும் நானும் இங்கே போட்ட கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார்.